கல்யாணியைத் தேர்ந்தெடுத்த கம்பவுண்டர் ரங்கய்யா

செய்தி வந்தபோது என் இரண்டு கையும் முழங்கை வரை சோப்பு நுரையில் இருந்தன. பிரசவ அறை வாசலில் ஜட்கா ஸ்டாண்டு மாரிமுத்து செருப்போடு வந்து நின்றான். "செருப்ப கழட்டிட்டு பேசு" என்று எரிந்து விழுந்தேன். அவன் கழற்றவில்லை. "கம்பவுண்டரு பூட்டாரு சிஸ்டரம்மா. காலைல கஞ்சி குடிச்சிட்டு படுத்தவரு எழுந்துக்கவே இல்ல" என்றான். நான் கையைக் கழுவி முடித்தேன். உள்ளே வலியில் இருந்தவளுக்கு என் துக்கத்தோடு என்ன சம்பந்தம்? அவள் பிள்ளை பிறந்து, குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கொடுத்தபோது மணி இரண்டு. அதற்குப் பிறகுதான் துணி அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அவரை அறிந்தவர்கள் சேர்ந்து ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுகிறோம், நீங்களும் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். திருத்தணியில் ரங்கய்யாவை அறியாதவர் யார்? அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் கம்பவுண்டர். டாக்டர்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள், மாடு வைத்திருந்தவர்கள் மட்டும் "கம்பவுண்டரு இருக்காரா?" என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தார்கள். மாட்டிடம் தமிழ் பேசுவார், குதிரையிடம் தெலுங்கு பேசுவார், மேலதிகாரியிடம் இங்கிலீஷ் பேசுவார். அந்த இங்கிலீஷ் மொத்தம் மூன்று வாக்கியம்: எஸ் சார், நோ சார், வெரி பேட் சார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு ஒரு குதிரை பார்த்துக் கொடுத்தாரே, அந்தக் கதையை மட்டும் நான் எழுதுகிறேன். அதை முழுதாக அறிந்தவள் நான்தான் என்று போன வாரம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

யுத்தத்தின் நடுவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததல்லவா, அப்போது எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியின் மோட்டார் வண்டி கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. கிராமத்துப் பிரசவங்களுக்கு நான் மாட்டுவண்டியில் போகத் தொடங்கினேன். ஒரு நாள் திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் காலையில் புறப்பட்டு மாலையில் போய்ச் சேர்ந்தேன். தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது. வண்டியை விட்டு இறங்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. திரும்பி வந்து எங்கள் டாக்டரம்மாவிடம், "எனக்கு ஒரு குதிரை வாங்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கிராமத்துக்குப் போகும் வேலையையே மூடிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா வெள்ளைக்காரி. "உனக்குக் குதிரை ஏறத் தெரியுமா, சுகிர்தம்?" என்று கேட்டார். என் அப்பா ஊர் ஊராகப் போன உபதேசியார். அவருடைய மட்டக்குதிரையில் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு சிறுமியாக நாலைந்து தடவை போயிருக்கிறேன். அந்த யோக்கியதையை வைத்துக்கொண்டு, "ஓ, நன்றாகத் தெரியும்" என்று அடித்துவிட்டேன். கர்த்தர் மன்னிப்பாராக. "ஆடி மாதம் முடிவதற்குள் தகுந்த குதிரை கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் யுத்தம் முடியும் வரை நீ இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போக வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

அன்று சாயங்காலமே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரங்கய்யா ஓர் எருமையின் வாயில் மூங்கில் குழாயை வைத்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, எருமையை விடாமலே சொன்னார்: "பாத்துத் தரேன். ஆனா எனக்கும் இதுல சுயநலம் இருக்குது சிஸ்டரம்மா. மொதல்லியே சொல்லிடறேன்."

சுயநலம் என்பது அவர் மகள் பாப்பம்மா. தாய் இல்லாத ஒரே பெண். ஆர்.கே.பேட்டைப் பக்கம் தறி நெய்கிற குடும்பத்தில் கொடுத்திருந்தார். முதல் இரண்டு பிரசவமும் திருத்தணியில் அவர் வீட்டில்தான், முதலாவது நான் இங்கே வேலைக்கு வருவதற்கு முன்பு. இரண்டு குழந்தையும் தங்கவில்லை. மூன்றாவது தடவை உண்டானதும் மாமியார் ஒரே பிடியாக நின்றுவிட்டாள்: "தாய் வூட்டுக்குப் போயி ரெண்டு போச்சு. இது இங்கியே ஆவட்டும்." அந்தக் கிராமத்தில் இருந்த மருத்துவச்சி நல்லவள்தான். ஆனால் குழந்தை தலைகீழாக இல்லாமல் கால் முன்னே வந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. பாப்பம்மாவின் இரண்டாவது குழந்தை அப்படித்தான் வந்தது.

"ஆடிக் கிருத்திகை கழிஞ்சி பத்து நாள்ல அவளுக்கு மாசம்" என்றார் ரங்கய்யா. "அதுக்குள்ள உங்கள ஒரு குதுர மேல ஏத்திடணும். வேற ஒண்ணும் கேக்கல."

சரி, எந்த ஜாதிக் குதிரை நல்லது என்று கேட்டேன். டாக்டரம்மா கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தில் படம் பார்த்து வைத்திருந்தேன். அதையும் விரித்துக் காட்டினேன். அவர் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். "குதுர கெடக்கட்டும். நீங்க ஒரு நாளைக்கி இன்னா இன்னா பண்றீங்க, அத சொல்லுங்க" என்றார். சொன்னேன். பாறைப் பாதையில் ஏற வேண்டும். நந்தி ஆற்றில் தண்ணீர் வந்தால் இறங்கிக் கடக்க வேண்டும். ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். கிருத்திகைக் கூட்டத்தில் பம்பை அடிக்கும்போது நடுவே போக வேண்டும். பையில் கண்ணாடிப் புட்டிகள் உடையக்கூடாது. போன இடத்தில் மூன்று மணி நேரமோ, ஆறு மணி நேரமோ.

"அதுவரிக்கும் குதுரய யாரு புடிச்சிகினு நிப்பாங்க?" என்று கேட்டார்.

யாரும் இல்லை என்றேன்.

"அப்படின்னா ஓடறது ஒரு பங்கு, நிக்கிறது மூணு பங்கு. நிக்கத் தெரியாத குதுரைக்கி ஓடத் தெரிஞ்சி இன்னா பிரயோசனம்?" என்றார். எனக்கு அது அப்போது கம்பவுண்டர்கள் பேசுகிற கம்பவுண்டர் பேச்சாகத்தான் பட்டது.

முதலில் வந்தது டாக்டரம்மாவின் சிபாரிசு. அரக்கோணத்தில் ரயில்வே துரை ஒருவர் வைத்திருந்த வேலர் குதிரை; ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த ஜாதி. சவாரி, வண்டி, பட்டாளம் எதற்கும் ஆகும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. உண்மையிலேயே சாதுவான பிராணி. ஆனால் அதன் முதுகு என் தலைக்கு மேலே இருந்தது. புடவையைக் கச்சம் வைத்துக் கட்டிக்கொண்டு, அங்கவடியில் காலை வைக்க மூன்று தடவை முயன்றேன். நாலாவது தடவை மாரிமுத்து கையைக் கோத்துப் பிடிக்க, அதில் மிதித்து ஏறினேன். ஜட்கா ஸ்டாண்டே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. ரங்கய்யா கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "இது மேல ஏறணும்னா மொதல்ல மல மேல ஏறி நிக்கணும் சிஸ்டரம்மா. போற ஊர்லல்லாம் ஏத்தி வுட ஒரு ஆம்பளய இட்டுகினு போவீங்களா?" என்றார். அதோடு கொள்ளும் ரேஷன் ஆகிவிட்ட காலத்தில் அதன் வயிற்றுக்கு யார் போடுவது? வேலர் அரக்கோணத்துக்கே திரும்பிப் போயிற்று.

அடுத்தது ஓர் அரபி. கிண்டியில் பந்தயம் ஓடி ஓய்ந்து ஒரு ஜமீன் லாயத்தில் நின்றுகொண்டிருந்தது. பார்த்தவுடன் எனக்கு ஆசை வந்துவிட்டது, ஒளிப்பானேன். உயரமும் அளவாக இருந்தது, நானே ஏறிவிட்டேன். ரங்கய்யா சோதித்துப் பார்க்க ரயில்வே கேட்டுக்கு அழைத்துப் போனார். ரயில் வந்தது, ஊதியது. குதிரை காதைக்கூட அசைக்கவில்லை. பார்த்தீரா என்று அவரை ஒரு பார்வை பார்த்தேன். அந்த நேரம் கேட்காரர் ரயிலுக்குப் பச்சைக் கொடியை ஆட்டினார். பந்தயத்தில் கொடி அசைந்தால் ஓட வேண்டும் என்று பழகிய குதிரை அல்லவா! ரயிலோடு சேர்ந்து அதுவும் கிளம்பிவிட்டது. தண்டவாளத்து ஓரமாகவே அரக்கோணத்துத் திக்கில் என்னைக் கொண்டு போயிற்று. ஜன்னல்களில் இருந்த ஜனம் கைதட்டிற்று. ரயில் முந்திய பிறகுதான் அது நின்றது. நான் பிடரி மயிரைப் பிடித்தபடி எனக்குத் தெரிந்த வேதாகமச் சங்கீதங்களையெல்லாம் சொல்லி முடித்திருந்தேன். மூச்சிரைக்க ஓடி வந்த ரங்கய்யா என்னைத் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "பையில புட்டி ஒடையலியே?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது ஒரு கத்தியவார் குதிரை. அந்த ஜாதிக்குக் காது இரண்டும் உள்பக்கமாக வளைந்து நுனியோடு நுனி தொடும். நடை அப்படி ஒரு நடை, மடியில் தண்ணீர்ச் செம்பு வைத்துக்கொண்டு போகலாம். மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன், இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். நாலாம் நாள் ஒரு வீட்டில் கட்டு மாற்றிவிட்டு வெளியே வந்தால் குதிரையைக் காணோம். மரத்தில் கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, தன் பழைய எஜமான் வீட்டைப் பார்த்துப் போய்விட்டது. பையைத் தூக்கிக்கொண்டு நாலு மைல் வெயிலில் நடந்து வந்தேன். ஆத்திரத்தில் ரங்கய்யாவிடம் கத்தினேன். "காது ரெண்டும் எப்பவும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கினு இருக்குது. நம்ம பேச்சு அதுக்கு எங்க கேக்கும்?" என்றார். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று அவரை அடிக்கலாம் போல இருந்தது.

ஆனி முடிந்துவிட்டது. பாப்பம்மாவின் நாளை நான் விரலில் எண்ணத் தொடங்கிவிட்டேன், அவரும் எண்ணியிருப்பார். வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு காலையில் மிஷன் வாசலில் ஒரு சிறிய சாம்பல் நிற மட்டக்குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பீமா ஆற்றங்கரைப் பக்கத்து ஜாதியாம். மராட்டியர் தூர தூர தேசமெல்லாம் சவாரி போனது இதன் முதுகில்தானாம். எனக்கு அது கழுதைக்குச் சித்தப்பா பெண் போலத் தெரிந்தது. குளம்புக்கு மேலே மருதாணிச் சிவப்பு இன்னும் அழியாமல் இருந்தது.

"இது கல்யாண ஊர்வலத்துக் குதிரை!" என்றேன்.

"ஆங். கல்யாணி. அரிசி ரேஷன்ல எவன் ஊர்வலம் வெக்கிறான்? அதான் குடுத்துட்டாங்க" என்றார்.

"மாப்பிள்ளை ஏறுகிற குதிரையில் நான் போவதா?"

"ஏன், பொண்ணு ஏறினா வாணாம்னு அது சொல்லிச்சா?"

நான் முப்பத்து நாலு வயது வரை கல்யாணம் செய்துகொள்ளாதவள். அந்தக் குதிரையில் ஏறித் தெருவில் போனால் ஊர் விடுமா? முதல் நாளே பூக்காரிகள் ஆரம்பித்துவிட்டார்கள். "குதுர வந்துடுச்சி, மாப்ள எப்ப வருவாரு சிஸ்டரம்மா?" நானும் வாயை மூடிக்கொண்டு போகிறவள் இல்லை. "ஒன் வூட்டுக்காரரத்தான் கேட்டு வுட்டுக்கீறேன்" என்றேன். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு கேள்வி இல்லை.

கேலியைச் சமாளித்துவிடலாம், குதிரையின் பழக்கத்தைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. மாப்பிள்ளை ஊர்வலத்தில் வீட்டுக்கு வீடு வாசலில் பெண்கள் தட்டை ஏந்தி வந்து ஆரத்தி எடுப்பார்கள் அல்லவா? கல்யாணி பத்து வருஷம் அப்படியே நின்று நின்று பழகியிருந்தாள். எந்த வாசலில் எந்தப் பெண் கையில் எந்தத் தட்டோடு நின்றாலும் சரி, அரிசி புடைக்கும் முறமாக இருந்தாலும் சரி, உடனே நின்றுவிடுவாள். ஆரத்தி சுற்றி முடிக்கிற நேரம் ஆனால்தான் அடுத்த அடி. முதல் கிராமத்தில் ஒரே ஒரு தெருவைக் கடக்க எனக்கு முழுக் காலை ஆயிற்று.

கடிவாளத்தை ரங்கய்யா முகத்தில் எறியாத குறைதான். "எடுத்துக்கொண்டு போம் உம்முடைய கல்யாணியை!"

அவர் நிதானமாகக் கேட்டார்: "அந்த ஊருக்கு எத்தினி வருசமா போய்க்கினு இருக்கீங்க?"

"ஆறு வருஷம்."

"இன்னிக்கி எத்தினி வூட்டுல பேசினீங்க?"

எண்ணிப் பார்த்தேன். பதினோரு வீடு. மோட்டார் வண்டியில் போன காலத்தில் பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கி, கூப்பிட்ட வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புவதோடு சரி. அன்று குதிரை நின்ற குற்றத்துக்காக வாசலில் இருந்த பெண்களோடு பேச வேண்டியதாயிற்று. ஒருத்திக்குக் கால் வீக்கம், ஒருத்திக்கு ஆறாம் மாதத்தில் உதிரம். இரண்டு பேரும் யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்கள். ஊர்த்தெருவிலும் நின்றாள், சேரியிலும் நின்றாள். தட்டு ஏந்தியவள் யார் என்ற கேள்வியே அவளுக்கு இல்லை. "நாலு வேலையும் பாதி தெரிஞ்ச குதுர போதும் சிஸ்டரம்மா" என்றார் ரங்கய்யா. "மீதி பாதிக்கி நீங்க இருக்கீங்களே." பாறையில் ஏறினாள், ஆற்றில் இறங்கினாள், ரயிலையும் பம்பையையும் சட்டை செய்யவில்லை, கட்டாமல் விட்டாலும் வாசலைவிட்டு நகரவில்லை. டாக்டரம்மா சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆடிக் கிருத்திகை போயிற்று. ஒன்பதாம் நாள் ரங்கய்யா லீவு போட்டுவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் காலை பாப்பம்மாவின் கொழுந்தன் சைக்கிளில் வந்தான், விடியற்காலையில் வலி எடுத்துவிட்டது என்றான். நான் பையைக் கட்டிக்கொண்டு குறுக்குப் பாதையில் கிளம்பிவிட்டேன், அவன் ரோட்டோடு வந்தான். கல்யாணி அன்று போல் என்றும் நடந்ததில்லை. அந்த ஊருக்கு ஒரு மைல் இருக்கும்போது வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. நேரத்துக்குப் போய்விடுவோம் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

வழியில், குறுக்குப் பாதை ரோட்டோடு சேருகிற இடத்தில், பத்து வீடு உள்ள ஒரு சின்னக் கொல்லைமேடு. ஒரு வீட்டிலிருந்து நடுவயதுப் பெண் ஒருத்தி முறத்தைக் கையில் வைத்தபடியே வெளியே ஓடி வந்து பாதையைப் பார்த்தாள். எதிர்பார்த்தது வேறு எதையோ. வண்டி கொண்டுவரப் போன மகனை என்று பிறகு தெரிந்தது. முறத்தைக் கண்டதும் கல்யாணி நின்றுவிட்டாள். குடையால் அடித்தேன், குதிகாலால் இடித்தேன், நகரவில்லை. அப்போதுதான் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன். முழங்கை வரை ரத்தம்.

உள்ளே அவள் மருமகள். சற்று முன்புதான் பிள்ளை பிறந்திருந்தது, அதைக் கிடத்த எடுத்த முறம்தான் அது. ரத்தம் நிற்கவில்லை. உதடு வெளுத்து, கண் செருகிக் கிடந்தாள். ஊசி போட்டேன். கர்ப்பப்பையை வயிற்றின் மேலிருந்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். பிடித்தால் நிற்கும், கையை எடுத்தால் பெருகும். கொழுந்தன் சைக்கிளில் வந்து, வாசலில் குதிரையைப் பார்த்து உள்ளே எட்டிப் பார்த்தான். "நீ போ. இதோ வந்துவிடுகிறேன் என்று சொல். அங்கே நிலைமை மோசமானால் உடனே வந்து கூப்பிடு" என்றேன். அவன் போனான். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் நான் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் மேல் குனிந்திருந்தேன். யாரும் வந்து கூப்பிடவில்லை. அங்கே ஒன்றும் மோசமில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள எனக்குத் தேவையாக இருந்தது. ரத்தம் நின்று அவள் தண்ணீர் கேட்டபோதுதான் கையை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாப்பம்மாவின் குழந்தை பிறந்து அரை மணி ஆகியிருந்தது. ஆண் குழந்தை. கால் முன்னே வந்து, தலை தங்கிவிட்டது. அழவே இல்லையாம். பாப்பம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன், அவள் பிழைத்தாள். வெளியே வந்தேன். தறிக்குழி ஓரமாக ரங்கய்யா உட்கார்ந்திருந்தார். கூடத்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் வாயில் வந்தது இவ்வளவுதான்: "இந்தச் சனியன் பிடித்த குதிரை நின்றுவிட்டது, அய்யா. அடித்தும் நகரவில்லை."

பொய் இல்லை. ஆனால் கல்யாணி நின்றது ஆரத்தி சுற்றுகிற நேரம். ஒன்றரை மணி நேரம் தங்கினவள் நான்.

அவர் எழுந்து வந்தார். "குதுர மேல பழி போடாதீங்க சிஸ்டரம்மா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "குதுர நின்னுச்சி. எறங்கினது நீங்க. எறங்க வேண்டிய எடத்துலதான் எறங்கினீங்க." பிறகு வெளியே போய்க் கல்யாணிக்குத் தண்ணீர் காட்டினார்.

அந்த வார்த்தை என்னைத் தட்டிக் கொடுத்ததா, அறைந்ததா என்று எனக்குப் பல வருஷம் விளங்கவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. கல்யாணியை விற்றுவிடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். ரங்கய்யா வந்து, கூடவே கூடாது என்று தடுத்தார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் ஆராதனை முடிந்து வரும்போது லாயத்தில் குனிந்து கல்யாணியின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இன்னா சிஸ்டரம்மா, பிரசங்கம் நீளமா?" என்பார். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு வருஷம் கழித்துப் பாப்பம்மாவுக்குப் பெண் பிறந்தது, என் கையில்தான். பத்து நாள் முன்னதாகவே போய் அந்த வீட்டில் படுக்கை போட்டுவிட்டேன். குழந்தை அழுத சத்தம் கேட்டதும் வெளியே இருந்த ரங்கய்யா கல்யாணியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். நான் பார்த்தும் பார்க்காதது போல் உள்ளே போய்விட்டேன்.

போன வாரம் அவருடைய காரியத்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு பாப்பம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். சொல்லக்கூடாதுன்னு நைனா சத்தியம் வாங்கினாரு. இப்ப அவரே இல்ல, சத்தியம் யாருக்கு?" என்றாள். "அன்னிக்கி எனக்கு ரொம்ப முடியாம போனப்ப, உங்கள இட்டுகினு வர்றேன்னு நைனா ஓடினாரு."

"எங்கே?" என்றேன்.

"நீங்க இருந்த வூட்டுக்குத்தான். வாசல்ல குதுர நின்னுகினு இருந்துச்சாம். உள்ள எட்டிப் பாத்தாராம். அந்தப் பொண்ணு வயித்த ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சிகினு இருந்தீங்களாம். உங்கள கூப்புட வாயத் தொறந்துட்டாராம். கைய எடுத்தா அது போயிடும்னு பாத்த ஒடனே தெரிஞ்சிபோச்சாம். திரும்பி வந்துட்டாரு. 'சிஸ்டரம்மா வந்துகினே இருக்காங்க'ன்னு மட்டும் எங்க கிட்ட சொன்னாரு."

எப்போது சொன்னார் என்று கேட்டேன்.

"போன தையில, காச்சல்ல கெடந்தப்ப. ஒரு மாசம் நான் அவரோட பேசல சிஸ்டரம்மா. பெத்த பொண்ணு கெடந்து துடிக்கிறேன், வாசல் வரிக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்காரேன்னு." சற்று நேரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். "அப்பால எம் பொண்ண இட்டாந்து அவர் மடியில உக்கார வெச்சிட்டேன். வேற இன்னா பண்றது? எங்க நைனா அப்படித்தான்."

மிஷனுக்குத் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து வேறு நினைவே இல்லை. எனக்குப் பின்னால் நாலு அடி தூரத்தில் அவர் நின்றிருக்கிறார். "சிஸ்டரம்மா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் என் கை என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, உண்மையாகவே தெரியாது. இந்த இரண்டு பெண்களில் எவளைக் காப்பாற்றப் போகிறாய் என்று என்னைக் கேட்க அந்த நிமிஷத்தில் உலகத்திலேயே உரிமை இருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் கேட்கவில்லை. பதிலையும் தாமே சுமந்துகொண்டு, மகள் கிடந்த வீட்டுக்கு ஒரு மைல் திரும்பி நடந்திருக்கிறார். அதற்குப் பிறகு இத்தனை ஞாயிற்றுக்கிழமை என் முன்னால் நின்று பிரசங்கம் நீளமா என்று கேட்டிருக்கிறார்.

அவரை அறிந்தவர்களே, அவர் சொன்னவை உங்கள் ஒவ்வொருவரிடமும் ஏராளமாக இருக்கும். அவற்றையெல்லாம் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்தும் சொல்லாமல் போன அந்த ஒரு வார்த்தையை நான் வைத்துக்கொள்கிறேன்.